பந்தின் மேல் நின்றவள்

சித்திரங்களைப் பற்றி எழுதுவதற்குப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரை படித்தவன். அதிலும் சித்திரப் பாடம் எடுக்கவில்லை. என் வேலை படங்களுக்குச் சட்டம் போடுவது. சட்டம் போடுகிறவன் படத்தைப் பற்றிப் பேசப் புறப்படுவது சரியில்லை என்று எனக்கே தெரியும். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத ஒருவன் தாளில் இவ்வளவு பேசுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பழைய படம் கொஞ்ச நாட்கள் என் மேசையில் கிடந்தது. பிறகு ஒரு நாள் என் தங்கச்சி வீட்டில் இருந்தது. நடந்ததையும் பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன்.

என் கடை லண்டனின் தெற்கே மிச்சம் என்ற இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மரக்கறிக் கடை, மறுபக்கம் தையல் கடை. எனக்கு வருகிற படங்கள் பெரும்பாலும் மூன்று வகை: சாமிப்படங்கள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுப் படங்கள், செத்தவர்களின் படங்கள். செத்தவர்களின் படம்தான் அவசரமாக வரும். மற்ற இரண்டும் காத்திருக்கும். இருபது வருசமாக இதையே செய்து வருவதால் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஓரங்களைத்தான் பார்ப்பேன். கோணல் இருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா, எவ்வளவு விட்டு வெட்டலாம் என்று.

அந்தப் படத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு ஆங்கிலேயர். வயதானவர், தனியே இருந்தவர். மகளோடு போய் இருப்பதற்கு வடக்கே புறப்பட இருந்தார். கொண்டுபோகிற சில சாமான்களில் இந்தப் படமும் ஒன்று. பழைய சட்டத்தைப் பூச்சி அரித்துவிட்டது. அவர் படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கொண்டுவந்தார்.

உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோது, அது ஒரு பெண்ணின் படம் என்று தெரிந்தது. உடம்பில் ஒரு நூல் துணி இல்லை. என் கண் உடனே அளவு நாடாவுக்குப் போனது. நீளத்தையும் அகலத்தையும் இரண்டு தரம் அளந்தேன்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, இங்கே தொட்டுப் பாருங்கள் என்றார். தாளில் நீள்சதுரமாக ஒரு மெல்லிய பள்ளம் ஓடியது. செப்புத் தகட்டில் கீறி, கீறலுக்குள் மை நிரப்பி, மேலே ஈரத் தாளை வைத்து அழுத்தும்போது தகட்டின் விளிம்பு பதிந்த அடையாளம் அது. ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம் என்று சொல்கிற காலத்தில், ஐந்நூறு வருசத்துக்கு முன், அப்படித்தான் செய்தார்களாம். படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையை வெட்டும்போது அந்த விளிம்பை மறைத்துவிட வேண்டாம் என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுகோள். சட்டம் வெறும் கறுத்த மரமாக இருந்தால் போதும் என்றார்.

"இது யார்?" என்று கேட்டேன். வாடிக்கைக்காரரிடம் கேள்வி கேட்பது எனக்குப் பெரிய காரியம்.

அதிர்ஷ்டத்தின் தெய்வம் என்றார். பிறகு, நான் கேட்காமலே ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் நிற்பது ஒரு பந்தின் மேல். பந்து கடலில் மிதக்கிறது. அது உருளும், ஆகவே அவள் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். இரண்டு கையாலும் ஒரு பாயைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருக்கிறாள். கப்பலில் கட்டுகிற பாய். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போவாள். அவளுக்கு இடது பக்கம் தூரத்தில் பாய்மரம் முறிந்த ஒரு கப்பல். வலது பக்கம் ஒரு சிறு துறைமுகம், அங்கே பாயை இறக்கிவிட்டு நிற்கிற இன்னொரு கப்பல். இரண்டும் அவள் செய்ததுதான். அவள் இரண்டு கப்பலையும் பார்க்கவில்லை.

"தலைமயிரைப் பாருங்கள்" என்றார். மயிர் முழுவதும் நெற்றிக்கு முன்னால் வந்து விழுந்து பறந்தது. பின் தலையில் ஒன்றும் இல்லை, வழித்துவிட்டது போல. அவள் எதிரே வரும்போது முன் மயிரைப் பிடிக்கலாம். தாண்டிப் போய்விட்டால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் அப்படிக் கீறுவார்களாம்.

எங்களுக்கும் அப்படி ஒரு தெய்வம் உண்டு என்று சொல்லிச் சுவரில் இருந்த லட்சுமியைக் காட்டினேன். செந்தாமரையில் சம்மணம் கட்டி இருக்கிற லட்சுமி. இரண்டு பக்கமும் யானை. கையிலிருந்து காசு கொட்டுகிறது. அவர் கிட்டப் போய், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"உங்களுடையவள் வசதியாக இருக்கிறாள்" என்றார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை புறப்படுவதாகவும், அன்று மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் இல்லாத நேரத்தில் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். முதலில் கோடுகளைத்தான் பார்த்தேன், அது தொழில் பழக்கம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அதில் சாம்பல் நிறம் என்று ஒன்றே இல்லை. கறுப்புக் கோடும் வெறும் தாளும்தான். கோடுகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். வயிற்றின் வளைவு வளைந்த கோடுகளால் வந்திருந்தது, நூல் பந்தில் நூல் சுற்றிக்கொண்டு போவது மாதிரி. ஒரு கோடு தடித்துத் தொடங்கி, மெலிந்து, கடைசியில் மயிர் முனையாகி முடிந்துவிடும். அது முடிந்த இடத்தில் தோல் தொடங்கும். தோல் என்பது கீறாமல் விட்ட தாள். வெட்டுகிற கை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். செம்பில் பிழை விட்டால் அழிப்பது லேசில்லை.

கண்ணாடியை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் மறைந்து ஒரு பெண் நின்றாள். கலண்டர் லட்சுமியைப் போல அழகானவள் இல்லை. முகம் கொஞ்சம் கனத்தது. பிள்ளை பெற்ற வயிறு. தோள் அகலம். மார்க்கட்டில் பை தூக்கி நடக்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, உடுப்பைக் கழற்றிப் பந்தின் மேல் ஏற்றிவிட்டது போல. ஆனால் பாயைப் பிடித்த கைகளும், அந்தப் பாய்க்குள் புடைத்து நிற்கிற காற்றும், காற்றுக்கு எதிராகக் கொஞ்சமாகச் சாய்ந்த இடுப்பும் சேர்ந்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. இரண்டாம் நாள் வெட்கம் குறைந்தது. மூன்றாம் நாள் இல்லை. ஆரும் கடைக்குள் வந்தால் மட்டும் மேலே ஒரு அட்டையை வைப்பேன்.

இனித் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் எனக்கு நாலு வயது இளையவள். சண்டைக்காலத்தில் ஊரை விட்டு வந்தவள் முதலில் ஜெர்மனியில் அகதிகள் விடுதியில் இருந்தாள். கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போனாள். பிறகு புருசனோடு இங்கே வந்தாள். இங்கே வந்தும் வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றை விற்கப் போகிறோம் என்று எழுப்பினார்கள், ஒன்றில் சுவர் பூஞ்சணம் பிடித்தது, ஒன்றுக்கு வாடகை ஏறியது. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. புது இடத்துக்குப் போய்ச் சாமான்களை எடுத்து வைத்த பிறகு, வெறும் அட்டைப் பெட்டிகளை எறிய மாட்டாள். மடித்து, கயிறு கட்டி, அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைப்பாள். அடுத்த முறைக்கு வேணும் என்பாள். சில பெட்டிகளில் ஜெர்மன் எழுத்துகூட இருந்தது. மச்சான், அதாவது அவளுடைய புருசன், அந்தப் பெட்டிகளைத் தன் சீதனம் என்று சொல்லிச் சிரிப்பார்.

கடைசியில் சட்டன் பக்கம் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். சின்ன வீடு, பின்னால் ஒரு துண்டு நிலம். குடிபோகிற நாளுக்கு, ஊரில் நாங்கள் குடிபூரல் என்று சொல்வதற்கு, ஒரு வெள்ளிக்கிழமை காலையைப் பார்த்து வைத்தாள். முதலில் உள்ளே போகிற சாமிப்படத்தை நான்தான் செய்து தர வேண்டும் என்றாள்.

"லட்சுமி படம் அண்ணை. இருக்கிற லட்சுமியா பாருங்கோ. நிக்கிற லட்சுமி வேண்டாம்."

"தெரியும்" என்றேன். சாமிப்படம் விற்கிற எல்லாருக்கும் அது தெரியும். நிற்கிற லட்சுமி புறப்பட ஆயத்தமாக நிற்கிறவள் என்று சனம் நினைக்கும். உட்கார்ந்து இருக்கிறவள்தான் தங்குவாள். நிற்கிற லட்சுமிப் படங்கள் கடைகளுக்குப் போகும், வீடுகளுக்குப் போகாது.

"தெரியுமெண்டு சொல்லாமல் பாத்துத் தாங்கோ. இதுக்குப் பிறகு எனக்கு மாற ஏலாது. வயசு போயிட்டுது."

அவள் அதைச் சிரிக்காமல் சொன்னாள். நல்ல படமாகத் தேடி எடுத்து, தங்க நிறச் சட்டம் போட்டேன். ஆங்கிலேயருடைய படத்துக்கும் அதே நாட்களில்தான் கறுத்த சட்டம் போட்டு முடித்தேன். அது சின்னப் படம், ஆனால் அகலமாக மவுண்ட் வைத்ததால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாகிவிட்டன. இரண்டையும் மண்ணிறத் தாளில் சுற்றிச் சுவரோடு சாய்த்து வைத்தேன். வியாழக்கிழமை பின்னேரம் மச்சான் தன் வான் வண்டியோடு வந்தார். அந்த நேரம் ஒரு பெண் தன் தகப்பனின் படத்தைக் கொண்டுவந்து, பின்னால் நின்ற ஆட்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுக்க முடியுமா என்று அழுதுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் பொதிகளைப் பார்த்துக் கையைக் காட்டினார். நானும் தலையை ஆட்டினேன். அவர் கதவுக்குக் கிட்ட இருந்ததைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது வீட்டில் ஒன்றும் இல்லை. சாமான்கள் பால் காய்ச்சிய பிறகுதான் வரும். குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், ஒரு பானை, ஒரு கதிரை. கதிரை மச்சானுடையது. அவருக்கு முழங்கால் வருத்தம், நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது. ஐயர் இல்லை. ஆட்களைக் கூப்பிடுகிற குடிபூரலைப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர்தான்.

தங்கச்சி படத்தைத் தாளோடே மஞ்சள் துணியால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது காலை வைத்து உள்ளே போனாள். பின்னால் மச்சான் நிறைகுடத்தோடு போனார். நான் விளக்கோடு போனேன். படத்தை அடுப்புக்கு எதிரே சுவரோடு வைத்து, முன்னால் விளக்கை ஏற்றினாள். பால் பொங்கிய பிறகுதான் துணியை எடுக்க வேண்டும், லட்சுமி முதலில் பார்ப்பது பொங்குகிற பாலாக இருக்க வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு.

புகை மணி அடிக்கும் என்று மச்சான் முதலே பற்றரியைக் கழற்றிவிட்டார். அடுப்பு புதிய கண்ணாடி அடுப்பு. அதில் பால் வழிந்தால் கறை போகாது என்று சுற்றிவரப் பளபளக்கிற தாள் விரித்திருந்தார்.

"பொங்குது, பொங்குது! கிழக்காலைதான் வழியுது, பாத்தியே!" என்றார் மச்சான்.

"பானைக்குக் கீழை என்ன அது கடதாசி மடிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"அது... பானை ஆடாமல் இருக்க."

"சாய்ச்சு வைச்சிருக்கிறியள். கடவுளையே ஏமாத்துற ஆள்."

"கொஞ்சம் வழி காட்டினனான், அவ்வளவுதான்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, படத்தின் முன் முழங்காலில் இருந்து துணியை எடுத்தாள். மண்ணிறத் தாளை மேலிருந்து கிழித்தாள். கறுத்த சட்டத்தின் ஒரு மூலை தெரிந்தது. எனக்கு அப்போதே விளங்கியது.

முதலில் தெரிந்தது பாயின் மேல் நுனி.

"என்ன அண்ணை, லட்சுமிக்குச் சேலை காத்திலை பறக்குதோ?" என்று கேட்டபடி மிச்சத் தாளையும் இழுத்தாள்.

"ஓம் ஓம்" என்றார் மச்சான். "முழுச் சேலையும் காத்திலைதான்."

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கச்சியோடு சேர்ந்து நின்று பார்க்கிற படமில்லை அது. மச்சான் சிரிப்பை அடக்க முயன்று, முடியாமல், வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். தங்கச்சி சிரிக்கவில்லை.

"அண்ணை, ஆர் இது?"

கடைக்கு வந்த வேறொருவரின் படம், மாறிப்போய்விட்டது என்று சொன்னேன். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. ஆர் இது என்றுதான் திரும்பவும் கேட்டாள்.

"அவையின்ரை தெய்வம். அதிர்ஷ்டத்துக்கு."

"அப்ப லட்சுமிதான். நிக்கிற லட்சுமி." அவள் கண் படத்தின் கீழே போனது. "நிக்கிறதும் எதிலை நிக்கிறா, பந்திலை."

"இஞ்சேர், இதுக்கேன் இப்ப முகத்தைத் தூக்கிறாய்? வானிலை போய் மாத்திக்கொண்டு உடனை வாறன்" என்று மச்சான் வான் திறப்பை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமை. விளக்கு ஏத்தியாச்சு, பாலும் காய்ச்சியாச்சு. உள்ளுக்கு வந்த தெய்வத்தை இப்ப வெளியிலை கொண்டுபோறதோ? விசரே உங்களுக்கு?"

"உது தெய்வமே? வெள்ளைக்காரன்ரை படமப்பா."

"தெய்வமெண்டு அண்ணை சொன்னவர்."

"மச்சான், நீங்களாவது அதை ஆரோ ஒரு நடிகை எண்டு சொல்லியிருக்கலாம்" என்றார் அவர் என்னைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து உப்புக்கூட வெளியே கொடுக்காதவர்கள் நாங்கள். அவள் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. பிழையாக உள்ளே வந்தாலும் வந்தது வந்ததுதான். அதைத் திருப்பி அனுப்பினால், குடிவந்த நாளிலேயே லட்சுமியைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது போலாகும். வைத்திருந்தால், உருண்டு போகிறவளை வீட்டில் வைத்தது போலாகும். தங்கச்சியின் முகம் வெளிறிவிட்டது. சாமான் வண்டி வருகிற நாளில் அவள் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும், எனக்கு அது பழக்கம்.

"அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. இவ என்ன செய்யிறவ?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்வதற்கும் பேச்சு வராது. ஆகவே அந்த முதியவர் சொன்னதையே சொன்னேன். பந்தைச் சொன்னேன். பாயைச் சொன்னேன். முறிந்த கப்பலையும் துறைமுகத்தில் நிற்கிற கப்பலையும் காட்டினேன். தலைமயிரைப் பற்றிச் சொன்னபோது அவள் கொஞ்சம் குனிந்து பின் தலையைப் பார்த்தாள்.

"மொட்டை."

"ஓம். போனாப் பிறகு பிடிக்க ஏலாது எண்டு காட்டத்தான்."

"போகேக்கை ஆர் பிடிக்கிறது? வரேக்கைதானே பிடிக்கிறது." சொல்லிவிட்டுப் படத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வெட்கம் அவளுக்கு வரவில்லை. எனக்கு மூன்று நாள் எடுத்த விசயம் அது. பிறகு கேட்டாள்: "உதிலை எவ்வளவு காலமா நிக்கிறா?"

"ஐந்நூறு வருசம் இருக்குமாம்."

"ஐந்நூறு வருசமா விழேல்லையே?"

"படம்தானேயப்பா" என்றார் மச்சான்.

"நீங்கள் சும்மா இருங்கோ." அவள் விரலைக் கண்ணாடியில் வைத்துக் காலைக் காட்டினாள். "காலைப் பாருங்கோ அண்ணை. விரலாலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

நான் குனிந்து பார்த்தேன். அத்தனை நாள் கண்ணாடி வைத்துப் பார்த்த என் கண்ணில் அது படவில்லை. கோடு தெரிந்தது, கால் தெரியவில்லை. கால் விரல்கள் பந்தின் வளைவோடு மடிந்து, அதைக் கவ்விக்கொண்டிருந்தன. குதிக்கால் சற்றே எழும்பியிருந்தது. கெண்டைக்காலில் கோடுகள் நெருக்கமாக, இறுகி ஓடின. மேலே பாயும் காற்றும் முகமும் அலட்சியமாக இருந்தன. கீழே கால் உழைத்துக்கொண்டிருந்தது.

தங்கச்சி ஒரு பெரிய கடையில் பாண் ரொட்டி சுடுகிற பகுதியில் வேலை செய்கிறவள். ஷிப்ட் முழுக்க நின்றுதான் வேலை.

"எனக்கும் பின்னேரம் கால் இப்பிடித்தான் இருக்கும்" என்றாள். "உருளுறதுக்கு மேலை நிக்கிறது எண்டால் லேசே? பாவம்."

பிறகு எழும்பி, கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் துணியை நாலாக மடித்து அதன் மேல் போட்டாள். படத்தைத் தூக்கிக் கதிரையில் வைத்து, முதுகுப் பலகையோடு சாய்த்தாள்.

"கொஞ்சம் இருக்கட்டும்."

"அது என்ரை கதிரை" என்றார் மச்சான்.

"இண்டைக்கு அவவின்ரை."

"என்ரை முழங்கால்?"

"ஐந்நூறு வருசமா நிண்டவவுக்கு வராத முழங்கால் வருத்தம் உங்களுக்கு."

அவர் நிலத்தில் இருப்பதற்கு நான் கை கொடுத்தேன். இருந்ததும் அவருக்கு வேறொரு கவலை வந்தது. முன் யன்னலுக்கு இன்னும் திரைச்சீலை போடவில்லை. வந்த அன்றே அயலட்டைக்கு இதைக் காட்டுவதா, ஒரு துவாயாவது போர்த்திவிடு என்றார். தங்கச்சி யோசித்துவிட்டுக் கதிரையை யன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பினாள். துவாய் போர்த்தவில்லை. "கண்ணாடி போட்டிருக்குத்தானே அண்ணை?" என்று கேட்டாள். ஓம் என்றேன். சந்தனத்தைத் தொட்டு, நெற்றி வருகிற இடத்தில் கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தாள். அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். அந்தக் கறுப்பு வெள்ளையில் அது ஒன்றுதான் நிறம்.

நாங்கள் நிலத்தில் சுற்றி இருந்து, பாலில் சீனி போட்டுக் குடித்தோம். வீட்டில் இருந்த ஒரே கதிரையில் படத்துப் பெண் இருந்தாள். பாய் அவளுக்குப் பின்னால் ஒரு சால்வை போலத் தெரிந்தது. உண்மையில் அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனால் கதிரையில் வைத்த எதையும் கண் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

"நாளைக்கு அந்த மனிசன் வருவார். குடுக்கத்தான் வேணும்" என்றேன்.

"நாளைக்குச் சனிக்கிழமைதானே. முதல் மற்றவவைக் கொண்டுவந்து உள்ளுக்கு விடுங்கோ. பிறகு இவ போகட்டும். வீடு ஒரு நிமிசமும் வெறுமையா இருக்கக்கூடாது. அதோடை, இவ முன்வாசலாலை போகக்கூடாது."

"விமான நிலையம் மாதிரி இருக்கு" என்றார் மச்சான். "வாறதுக்கு ஒரு வாசல், போறதுக்கு ஒரு வாசல்."

அவள் அதற்குச் சிரித்தாள். நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. மத்தியானத்துக்கு முன் புறப்பட்டேன். முதல் தவணைச் சாமான்களோடு ஒரு வண்டி அப்போதுதான் வந்து நின்றது. முதலாவதாக இறங்கியவை அந்தப் பழைய அட்டைப் பெட்டிகள். பஸ்சில் கடைக்குத் திரும்பினேன். சுவரோடு சாய்ந்து இருந்த மற்றப் பொதியைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே ஆர் என்று தெரியும்தானே. தகப்பனை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்ன பெண்ணின் படத்தைச் செய்யத் தொடங்கினேன். அவருடைய தோளில் யாரோ ஒருவரின் கை இருந்தது. அதை எடுக்க முடியவில்லை, விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை லட்சுமியைக் கொண்டுபோய் முன்வாசலால் உள்ளே விட்டேன். மற்றவளை அடுப்படி இருந்த குசினியின் பின்கதவால் எடுத்து, பின்பக்க நிலத்தைச் சுற்றி வானுக்குக் கொண்டுவந்தோம். கடையில் கண்ணாடியில் இருந்த பொட்டை ஈரத் துணியால் துடைத்தேன். மத்தியானம் முதியவர் வந்தார். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மவுண்ட் நேராக இருக்கிறது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் லட்சுமியைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்கப் போனேன். முன்வாசலில் அட்டைப் பெட்டிகள் எல்லாவற்றையும், ஜெர்மன் எழுத்து இருந்தவற்றையும், தங்கச்சி மடித்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கவுன்சிலின் குப்பை வண்டி செவ்வாய்க்கிழமைதான் வரும். ஆறு மணி போல மழை பெய்தது. பெட்டிகள் நனைந்தன.